கிடார்க்காரர் தலைவரானபோது

‘அன்னக்கிளி’ வெளிவந்து 2026 மே மாதத்தோடு அரை நூற்றாண்டு. பிறர் பாட்டுக்கு வாசித்த ஒருவர், தம் பாட்டுக்குப் பிறரை வாசிக்கவைத்த வரலாறும், அதனால் காவிரிக்கரை மேடைகளில் நேர்ந்தவையும்.

மாசி மாதத்து இரவொன்றில், சம்பா அறுவடை முடிந்து களத்துமேடுகள் ஓய்ந்து, குடியானவர் கையில் நாலு காசு புரளும் அந்தக் குறுகிய காலத்தில், திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள ஏதாவதொரு கிராமத்தின் கோயில் திருவிழாவுக்குப் போனால், காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவிலுள்ள வயல்வெளியின் இருளில், கீற்றுப் பந்தலுக்கு அப்பால், மெல்லிசை மேடையொன்று வர்ண விளக்குகளோடு தனித்துத் தெரியும். நடுவில் பாடகரும் பாடகியும் நிற்பார்கள். அவர்களுக்கு இடப்புறம் கீபோர்டு. பின்புறம் டிரம்ஸும் தபேலாவும். வலது ஓரத்தில், ஒலிபெருக்கிப் பெட்டியின் நிழல் பாதி முகத்தை மறைக்க, தோளில் கிடாரை மாட்டிக்கொண்டு ஒருவர். அவருடைய பெயரை அறிவிப்பாளர் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் விட்டிருக்கலாம். ‘இளைய நிலா’ என்று பாடகர் மைக்கில் சொன்னவுடன் கூட்டத்தின் பேச்சு அடங்குகிறது. அந்தப் பாட்டின் முகப்பு கிடாருக்கே உரியதாகையால், சில விநாடிகளுக்கு அந்த மேடையும் அந்த ஜனக்கூட்டமும் ஓரத்தில் நிற்கிற மனிதரின் விரல்களுக்குக் கட்டுப்படுகின்றன. பிறகு பாடகர் வாய் திறக்கிறார். கைதட்டல் அவருக்காக எழுகிறது. கிடார்க்காரர் மறுபடியும் நிழலுக்குள் போய்விடுகிறார்.

அந்த வலது ஓரத்தில், ஏறக்குறைய அதே நிலையில், ஒரு காலத்தில் இளையராஜா நின்றிருக்கிறார் என்பதை இன்றைய தலைமுறை அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் தலைமை தாங்கி நடத்திய மெல்லிசைக் குழுவில் அவர் முதலில் கிடாரும் பிறகு ஹார்மோனியமும் வாசித்தார். அவருடைய அண்ணன் பாஸ்கர் தாளவாத்தியம், தம்பி கங்கை அமரன் கிடார். குழுவின் தலைவர் பாலசுப்ரமணியம், இவர்கள் வாசிப்பவர்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தத் தலைவர் இந்தக் கிடார்க்காரரின் இசையில் பாட வந்து நின்றார் என்றால், நடுவில் நிகழ்ந்தது என்ன என்று கேட்பதற்கு, ‘அன்னக்கிளி’யின் பொன்விழா வருஷத்தைவிடப் பொருத்தமான சமயம் கிடைக்காது.

பண்ணைப்புரத்திலிருந்து கால்ஷீட் வரை

பூர்வ கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்த இராசையா, பதினான்காவது வயதில், தமையனார் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்தார். 1958-ல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளருக்காகப் பாடிப் பேர் பெற்ற பாவலரின் பின்னால், ஊர் ஊராக, மேடை மேடையாக ஒரு தசாப்தம் கழிந்தது. 1968-ல் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணாக்கராகி, மேற்கத்திய சங்கீதத்தின் எழுத்து முறையையும் அதன் சாஸ்திரத்தையும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் பரீட்சையில் கிடாருக்குத் தங்கப் பதக்கம் பெற்றதும் அந்தக் காலத்தில்தான்.

அதன் பிறகு அவர் ‘கால்ஷீட்’ கலைஞரானார். ஒரு நாளைக் காலை, பிற்பகல் என்று கூறுபோட்டு, கூறு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, இன்று ஒரு ஸ்டூடியோவில் காதல் பாட்டுக்கும் நாளை வேறொரு ஸ்டூடியோவில் பக்திப் பாட்டுக்கும் வாசித்துவிட்டு, எந்தப் படம் என்றுகூடச் சில வேளை அறியாமல் வீடு திரும்பும் ஜீவனம் அது. வங்காளத்து சலீல் சௌத்ரி தென்னிந்தியப் படங்களுக்கு இசையமைத்தபோது அவருக்குக் கிடாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார். இந்தப் பையன் பிற்காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த இசையமைப்பாளன் ஆவான் என்று சலீல் சொன்னதாகத் திரையுலகில் வழங்கும் செய்தி பிரசித்தமானது. கன்னடத் திரையுலகில் கோலோச்சிய ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக அமர்ந்து ஏறத்தாழ இருநூறு படங்களில் வேலை செய்தார். வெங்கடேஷ் மெட்டின் உருவத்தைக் கொடுப்பார். அதற்கு வயலின் எங்கே எழ வேண்டும், புல்லாங்குழல் எங்கே மறுமொழி சொல்ல வேண்டும், கிடார் எங்கே மௌனமாயிருக்க வேண்டும் என்று எழுதிப் பூர்த்தி செய்யும் பொறுப்பு உதவியாளருடையது.

இடைவேளையில் ஓர் ஆர்கெஸ்ட்ரா

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெங்கடேஷின் உதவியாளராக இருந்த அந்த வருஷங்களிலேயே இளையராஜா தம் சொந்த இசையையும் எழுதத் தொடங்கிவிட்டார். எழுதியதைக் காதால் கேட்க வேண்டுமே! தாளில் பதினைந்து வாத்தியங்களுக்கு எழுதிய ஒன்று, பதினைந்து பேர் சேர்ந்து வாசித்தால் ஒழிய, எழுதியவனுக்கே முழுவதும் விளங்குவதில்லை. ஒரு கால்ஷீட் கிடார்க்காரருக்குப் பதினைந்து பேரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தும் சக்தி ஏது? ஆகவே அவர் செய்த காரியம் இது: ஒலிப்பதிவின் இடைவேளையில், மற்றவர்கள் டீ குடிக்கவும் வெற்றிலை போடவும் எழுந்துபோகும் அந்தச் சொற்ப நேரத்தில், உடன் வாசிக்கும் கலைஞர்களைக் கேட்டுக்கொண்டு, தாம் எழுதி வைத்திருந்த தாள்களை அவர்கள் முன்னால் விரித்து, அவற்றின் சில பகுதிகளை வாசிக்கவைத்துக் கேட்டார்.

‘அன்னக்கிளி’க்கு முன்பே அவர் ஒரு வாத்தியக் குழுவுக்குத் தலைவராகிவிட்டார் என்று நான் கருதுவது இந்த ஒரு செய்தியால்தான். கூலி இல்லை, விளம்பரம் இல்லை, பதிவு செய்யும் யந்திரம்கூட ஓடவில்லை; ஆயினும், தம் ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுத்து நாலு பேர் வாசித்தார்கள் என்றால், அந்தத் தாளில் இருந்தது வாசிக்கத் தகுந்தது என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஏற்பட்டிருக்க வேண்டும்; கேட்டவர் தங்களில் ஒருவர், தங்கள் விரல் வலியை அறிந்தவர் என்ற சொந்தமும் இருந்திருக்க வேண்டும். அதிகாரத்தினால் வாங்க முடியாத வாசிப்பு அது. சுபாவமாகவே, அந்த வாசிப்பைக் கேட்டவுடன் எந்த ஸ்வரம் வயலினுக்கு அசௌகரியம், எந்த வேகத்தில் குழல் மூச்சுத் திணறும், எங்கே கிடாரின் தந்தியை மீட்டவே கை எட்டாது என்பதெல்லாம் எழுதியவருக்கு அனுபவமாகிவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் இதற்குப் பாடம் கிடையாது.

அந்நாளில் அவர் வேண்டிய வாத்தியங்களை வாடகைக்கு எடுத்தது யாரிடம் என்பது இன்னொரு ருசிகரமான விஷயம். மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவரும், புதிய மின்னணு வாத்தியங்களில் மோகம் கொண்டவருமான ஆர்.கே.சேகரிடம் அவர் வாடகைக்கு வாங்கினார். அந்தச் சேகரின் புதல்வர்தாம், பிற்பாடு இளையராஜாவின் குழுவிலேயே கீபோர்டு வாசித்து, 1992-ல் ‘ரோஜா’வின் மூலம் தமக்கென்று தனி வழி வகுத்துக்கொண்ட ஏ.ஆர்.ரகுமான். வாடகைக்கு விட்டவர் மகன் வாடகைக்கு எடுத்தவரிடம் வேலைக்கு வந்து, அங்கிருந்து தாமும் தலைவராக வெளியேறினார். தன்ராஜ் மாஸ்டரிடம் ரகுமானும் கற்றவர்தாம். சென்னைத் திரை இசையில் தலைமை என்பது பெரும்பாலும் வாசிக்கும் நாற்காலியிலிருந்தே எழுந்து வந்திருக்கிறது. ஹாரிஸ் ஜெயராஜின் கதையும் அதுவே. திரைப்படக் கிடார்க் கலைஞரான எஸ்.எம்.ஜெயகுமாரின் மகனாகப் பிறந்து, 1987-ல் சிறு பிராயத்திலேயே கிடார் வாசிக்கத் தொடங்கி, பல ஆண்டு பிறருக்கு வாசித்த பின்னரே 2001-ல் ‘மின்னலே’ வந்தது.

பெட்டிச் செய்தி: வெளியுலகில்

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முதலில் லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் முதலியோருக்குப் பின்னால் நின்று வாசித்தவர். 1966-ல் லண்டனில் தம் பெயரிலேயே குழு அமைத்தார். லண்டன் ஸ்டூடியோக்களில் கால்ஷீட் கிடார்க்காரராக அலைந்த ஜிமி பேஜ், 1968-ல் ‘லெட் ஸெப்பலின்’ குழுவைத் தொடங்கினார். பம்பாயில் ஆர்.டி.பர்மனுக்குக் கிடார் வாசித்த பூபிந்தர் சிங், 1971-ல் வெளிவந்த ‘தம் மாரோ தம்’ பாட்டின் புகழ்பெற்ற கிடார் முகப்பை வாசித்தவர். பின்னாளில் கஜல் பாடகராகத் தம் பெயரை நிலைநாட்டிக்கொண்டார்.

மின்சாரம் போன காலை

கதாசிரியர் செல்வராஜ் மூலமாகப் பஞ்சு அருணாசலத்துக்கு அறிமுகமாகி, மேஜையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டிய பாடல்களாலேயே படம் கிடைத்த சம்பவத்தைப் பல பேர் எழுதிவிட்டார்கள். ஏ.எம்.ராஜா என்று ஏற்கெனவே ஒரு ராஜா இருந்தபடியால், ‘இளைய’ என்ற அடைமொழியைச் சேர்த்தவரும் பஞ்சு அருணாசலமே. முதல் பாட்டின் ஒலிப்பதிவில் எல்லாரும் தயாராகி, வாசிக்கலாம் என்று சைகை கொடுத்த அந்தத் தருணத்தில் மின்சாரம் போய்விட்டதை இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அபசகுனம் என்று கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. புது இசையமைப்பாளருக்கு அந்த இருட்டு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்! மின்சாரம் திரும்பியது, எஸ்.ஜானகி பாடினார், தேவராஜ்-மோகன் இயக்கிய ‘அன்னக்கிளி’ 1976 மே 14 அன்று திரைக்கு வந்தது.

விளைவு உடனே தெரிந்தது. திருச்சி வானொலி 1939-லிருந்து இந்தப் பிரதேசத்தின் காதுகளைப் பழக்கிவந்திருந்தது. இலங்கை வானொலியின் திரைப்பாடல் நிகழ்ச்சிகளும் வீட்டுக்கு வீடு ஒலித்துக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டின் வாசலில் குழாய் ஒலிபெருக்கி கட்டும் சவுண்டு சர்வீஸ்காரர், அதுவரை மேலே வைத்திருந்த இசைத்தட்டுகளைக் கீழே தள்ளிவிட்டு இந்தப் புதுத் தட்டுகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றினார். நடவு வயலில் பெண்கள் பாடும் வகைப் பாட்டு, அதே மண்வாசனையோடு, அடியில் கிடாரும் வயலின்களும் ஓட, ஒலிபெருக்கியிலிருந்து வந்தபோது, அதில் மேற்கத்திய வாத்தியம் கலந்திருக்கிறது என்ற பிரக்ஞையே கேட்டவருக்கு எழவில்லை. கிடார் என்ற வாத்தியம் தஞ்சை ஜில்லாவின் கிராமத்துக் காதில் அந்நியமில்லாமல் புகுந்தது அப்படித்தான். அதற்கு முன்பு அது படத்தில் கிளப் நடனத்துக்கு வாசிக்கப்படும் வாத்தியம். அதற்குப் பின் அது வரப்பிலும் வாய்க்காலிலும் கேட்கும் வாத்தியமாயிற்று.

பெட்டிச் செய்தி: தஞ்சை தத்தெடுத்த வாத்தியங்கள்

வெளியிலிருந்து வந்த வாத்தியத்தைத் தனதாக்கிக்கொள்வதில் இந்தச் சீமைக்கு இருநூறு வருஷப் பழக்கம் உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, ஐரோப்பிய வாத்தியங்களைக் கொண்ட பாண்டு ஒன்றை அரண்மனையில் வளர்த்தார். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதரும், தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தனர். கிளாரினெட்டும் சதிர்க் கச்சேரி வழியாக இங்கே குடியேறியது. 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்த அதே சமயம் மேற்கத்திய ஸ்வரக் குறியீட்டையும் பயின்றவர்.

கிடாருக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் உள்ள உறவு எண்ணிப் பார்க்கத் தக்கது. இரண்டிலும் மெட்டுகள் உண்டு. பலா மரத்தில் செய்து 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வீணைக்கு, மெழுகில் பதித்த 24 மெட்டுகள்; அவை உயர்ந்து நிற்பதால் தந்தியை வெகுதூரம் இழுத்துக் கமகம் செய்ய முடிகிறது. கிடாரின் மெட்டுகள் பலகையோடு ஒட்டியவை. தந்தியை இழுப்பதற்கும் வழுக்குவதற்கும் தனிப் பிரயாசை வேண்டும்.

தலைமை கேட்கும் விலை

பிறருக்கு வாசிக்கிற கலைஞனின் முதல் தர்மம் தன்னை மறைத்துக்கொள்வது. காலையில் ஒரு இசையமைப்பாளருக்கு ஜாஸ், பிற்பகலில் இன்னொருவருக்குக் கிராமியத் தெம்மாங்கு, மறுநாள் விளம்பரப் படத்துக்கு ஸ்பானிய பாணி என்று கேட்பதையெல்லாம் கேட்டவிதமாகக் கொடுக்கிறவனையே ‘எதைக் கொடுத்தாலும் வாசிப்பார்’ என்று மெச்சுவார்கள். தலைவனுக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறான குணம். அவன் தன் உள்ளே கேட்ட ஒன்றை வெளியே கொண்டுவர வேண்டும். ஐம்பது பேர் அதற்கு இணங்கித் தங்களை மறைத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். எதையும் வாசிக்கக் கற்ற கைக்குத் தனதென்று ஒரு குரல் இல்லாமல் போய்விடும் அபாயம் உண்டு. பல நல்ல வாத்தியக்காரர்கள் சொந்தமாக இசையமைக்க வந்து, எல்லாருடைய பாணியும் இருந்து தம்முடையது மட்டும் இல்லாத பாட்டுகளைச் செய்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பியதன் காரணம் இதுவே என்பது என் அபிப்பிராயம். இளையராஜா அந்த அபாயத்தைத் தாண்டியதற்கு, பண்ணைப்புரத்து வயல்களிலும் தமையனாரின் மேடைகளிலும் அவர் சிறு வயதிலேயே கேட்டுச் சேர்த்த பாட்டுகள், கிடாருக்கு முன்பே அவருக்குள் இருந்தன என்பது ஒரு காரணம்; இடைவேளைத் தாள்கள் இன்னொன்று.

தலைவரான பிறகு அவர் கையாண்ட முறையும் கவனிக்கத் தக்கது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தாமே முழுவதும் எழுதி, மேற்கத்திய நொட்டேஷனில் பிரதி செய்து, வாசிப்பவர் முன்னால் வைப்பது அவர் வழக்கம். அவருக்கு முன்பு பல ஒலிப்பதிவுகளில், இந்த இடத்தில் ஏதாவது வாசியுங்கள் என்று இசையமைப்பாளர் சொல்ல, வாத்தியக்காரர் தம் கற்பனையிலிருந்து ஒரு ‘பிட்’ போடுவது உண்டு. இவருடைய கூடத்தில் அந்த ‘ஏதாவது’ ஒழிந்தது. கிடாரில் சதானந்தமும் ஆர்.சந்திரசேகரும், பாஸ் கிடாரில் சசிதரனும், வயலினில் வி.எஸ்.நரசிம்மனும், கீபோர்டில் விஜி மானுவேலும், தாளில் உள்ளதை ஒரு மாத்திரை பிசகாமல், ஆனால் உயிரோடு, வாசித்தார்கள். 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யின் ‘இளைய நிலா’வில் சந்திரசேகரின் விரல்கள் செய்திருப்பதைக் கேட்பவர், எழுதியவரும் வாசிக்கத் தெரிந்தவர், வாசித்தவரும் எழுதியவர் மனத்தை அறிந்தவர் என்பதை உணரலாம். கிடாரைக் கீழே வைத்துவிட்டவர் இன்னொருவர் கையில் கிடாரை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனார் என்பதற்கு அந்த முகப்பு சாட்சி.

ஆயினும் இதில் ஒரு நஷ்டமும் உண்டு, அதை மறைக்கலாகாது. அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளிலும் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் பாடகர்களின் பெயர் இருந்தது, பாடலாசிரியர் பெயர் இருந்தது. சந்திரசேகரின் பெயரையோ சதானந்தத்தின் பெயரையோ ‘இளைய நிலா’வைப் பாடித் திரிந்த லட்சக்கணக்கானவர்கள் அறியவில்லை. திரை இசை வாத்தியக்காரர்களுக்கென்று சங்கம் கண்டு, அவர்களுடைய கூலிக்கும் கௌரவத்துக்கும் போராடியவர் எம்.பி.ஸ்ரீநிவாசன். அவர் முயற்சியால் கூலி ஒழுங்குபட்டது, பெயர் வெளிவரவில்லை. தொண்ணூறுகளில் ரகுமானின் கேஸட்டுகளும் குறுந்தகடுகளும் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கிய பிறகே, இந்தக் கிடார் யாருடையது என்று ரசிகர் கேட்கும் வழக்கம் பிறந்தது. தாமே கிடார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் யுகத்தில் இது நடந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. அவர் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் செய்திருந்தால் அது ஒரே நாளில் சம்பிரதாயமாகியிருக்கும் என்பதனால் சொல்கிறேன்.

கிடாரே தலைமை ஏற்றபோது

கிடாரை விட்டுத் தலைவரானவர் ஒருவகை. கிடாரோடே தலைவராக வருவது இன்னொரு வகை; அது நம்மிடையே அரிது. எண்பதுகளில் சுகுமார் பிரசாத் மின்சாரக் கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசித்துச் சபாக்களை வியக்கவைத்தார். அவருக்குப் பின் வந்தவர் ஆர்.பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரிக்குச் சென்றவர். ஆனால் கர்நாடக சங்கீதத்தில் அவருடைய குருமார்கள் திருவாரூர் பாலசுப்ரமணியமும் வயலின் மேதை ஏ.கன்னியாகுமரியும். மும்மூர்த்திகள் அவதரித்த ஊரின் பெயரைத் தாங்கிய குருவிடம் கற்ற பாடாந்தரம், மின்சாரக் கிடாரின் ஆறு தந்திகளில் இறங்கியது. மெட்டுகள் பலகையோடு ஒட்டிய அந்த வாத்தியத்தில், தந்தியை இழுத்தும் வழுக்கியும் தோடியின் அசைவை அவர் கொண்டுவருவதைக் கேட்டால், தடை வாத்தியத்தில் இல்லை, வாசிப்பவரின் பொறுமையில்தான் இருந்தது என்று தோன்றுகிறது. 2006-ல் ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக ‘எலெக்ட்ரிக் கணேஷாலாந்து’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார்; விஜய் ஐயர், நிதின் மித்தா ஆகியோருடன் ‘தீர்த்தா’ என்ற மூவர் குழுவில் வாசித்தார்; 2009-ல் ஆஸ்கார் பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ என்ற ஆவணப்படத்துக்கு இசையமைத்தார்; சென்னைக்குத் தெற்கே ஸ்வர்ணபூமி இசைப்பள்ளியைத் தொடங்கி நடத்தினார்.

இவருக்கு அடுத்த தலைமுறையில் ரகுமானின் மேடைகளில் வாசித்த சஞ்சீவ் தாமஸ், ‘ரெயின்போ பிரிட்ஜ்’ என்ற பெயரில் தமக்கென்று குழு கண்டார். ரகுமான் முதல் அனிருத் வரை பலருக்கும் வாசித்துவரும் கெபா ஜெரமையாவின் பெயரை, படம் பார்க்கும் இளைஞர்கள் பாடகரின் பெயரைப் போலவே சொல்கிறார்கள். கைபேசியின் திரை வாத்தியக்காரரின் முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த மட்டில் அது நல்ல காரியம்.

நாற்காலிகள் குறையும் காலம்

இப்போது திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்புவோம். காவிரிச் சமவெளியில் கிடார் கற்பவர்கள் பெரும்பாலும் தேவாலயப் பாடற்குழுவில்தான் அதை முதலில் தொடுகிறார்கள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலேயே, வீரமாமுனிவரின் பெயரோடு மரபு தொடர்புபடுத்தும் பூண்டி மாதா பேராலயம் இருக்கிறது; மே மாதத் திருவிழாவில் பாடற்குழுவுக்குப் பின்னால் ஒரு கிடார் கேட்காமல் இராது. டி, ஜி, ஏ என்ற மூன்று கார்டுகளைக் கொண்டு பல பாட்டுகளை ஒப்பேற்றக் கற்றவர், பிறகு தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு மெல்லிசைக் குழுவில் சேருகிறார். சாதி, மத பேதமின்றி மாரியம்மன் கோயில் மேடையும் மாதா கோயில் மேடையும் அவருக்கு ஒன்றே. இரண்டுக்கும் பாட்டு மட்டும் வேறு.

அவருடைய வருமானம் பயிரின் போக்கைத் தொடர்ந்து போகிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து, குறுவையும் சம்பாவும் நன்றாக விளைந்த வருஷத்தில் தை முதல் வைகாசி வரை ‘புரோகிராம்’ இடைவிடாது வரும். தண்ணீர் பொய்த்த வருஷத்தில் விழாக் கமிட்டியார் குழுவின் அளவைக் குறைத்துப் பேசுவார்கள். குறைக்கும்போது முதலில் போவது கிடார்தான். பாடகரைக் குறைக்க முடியாது; தாளம் இல்லாமல் கூட்டம் நிற்காது; கிடாரின் ஒலியைக் கீபோர்டே ஒருவாறு போலி செய்துவிடும் என்பது வாதம். இப்போது அதையும் கடந்து, வாத்தியம் முழுவதும் முன்பே பதிவான ‘டிராக்’கை ஓடவிட்டு, பாடகர் மட்டும் மேடையேறுவது பெருகிவிட்டது. சென்னை ஸ்டூடியோக்களிலும் இதே கதி: எண்பதுகளின் மத்தியில் கணினி வழி இசை புகுந்ததிலிருந்து, ஐம்பது பேர் உட்கார்ந்த கூடத்தில் ஐந்து பேர் உட்காருகிறார்கள், அந்த ஐவரும் ஒரே நாளில் வருவதில்லை.

ஆகவே, இளையராஜாவின் காலத்தில் கிடார்க்காரன் தலைவனாவது ஒரு ஆசையாக இருந்தது. இன்று அது ஒரு நிர்ப்பந்தமாகி வருகிறது. அன்று அவர் தம் தாள்களை விரித்தபோது உடன் வாசிக்க ஆட்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஓர் இடைவேளை இருந்தது. இடைவேளைக்குப் பிறகு கூலி கொடுக்கும் கால்ஷீட் இருந்தது. இன்று இளைஞன் ஒருவன் தன் அறையில் உட்கார்ந்து, கிடாரை வாசித்து, மற்ற வாத்தியங்களைக் கணினியில் சேர்த்து, தன் பாட்டை ஊரார் கேட்கும்படி அதே நாளில் வெளியிட்டுவிடலாம். சௌகரியம் பெரிது. ஆனால் அவன் எழுதியதை வாசித்துவிட்டு, இந்த இடம் சரியில்லை தம்பி, இதை வேறுமாதிரி எழுது என்று சொல்வதற்கு எதிரே ஒரு வயலின்காரர் இல்லை. எழுதப்பட்டது மனிதக் கையில் எப்படி உடைகிறது என்பதைக் காணாமலேயே தலைவனாகிற அந்த இளைஞனுக்காக நான் கவலைப்படுகிறேன். அவன் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

இதற்குப் பரிகாரம் எங்கோ இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விழாக் கமிட்டியார் குழுவோடு பேசி முன்பணம் கொடுக்கும்போதே, கிடாரும் தபேலாவும் நேரடியாக வாசிக்கப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைக்கலாம்; அதற்கு ஆகும் கூடுதல் செலவு வாணவேடிக்கைச் செலவில் ஒரு சிறு பங்குதான். மூன்று மணி நேரக் கச்சேரியில், குழுவிலுள்ள யாரேனும் தாமே இயற்றிய பாட்டு ஒன்றை வாசிக்க ஐந்து நிமிஷம் ஒதுக்கலாம்; கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம் வேண்டாம், ‘இளைய நிலா’வின் முகப்புக்கு வாய் மூடி நின்ற கூட்டம்தானே அது! திருவையாற்று ஆராதனையில் பந்தலின் ஓரத்தில் இளம் வித்வான்களுக்கும் ஒரு சிறு நேரம் கிடைப்பதுபோல, மெல்லிசை மேடையிலும் ஒன்று ஏற்படட்டும். கச்சேரி நோட்டீஸில் பாடகர்களின் படத்துக்குக் கீழே, சின்ன எழுத்திலாவது, ‘கிடார்’ என்று போட்டு அதற்கு எதிரில் வாசிப்பவரின் பெயரை அச்சடிக்கலாம். அச்சுக் கூலி அதனால் ஏறுவதில்லை. பங்குனித் திருவிழாவுக்கான நோட்டீஸ்கள் எங்கள் பக்கத்து அச்சகங்களுக்கு மாசிக் கடைசியில்தான் போகும், அவகாசம் இருக்கிறது.